சாகாத புல்லின் ஆயுள்

செயற்கைப் புல்தரை, அதாவது நாம 'டர்ஃப்' என்று சொல்லும் சமாச்சாரம் பற்றிக் கடந்த சில மாதங்களாக வாசித்துச் சேர்த்த குறிப்புகள் இவை. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வாசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு விளம்பரப் பலகை. எங்க ஏரியாவில் காலி மனையெல்லாம் வரிசையா டர்ஃப் ஆகிக்கிட்டு வருது. மணிக்கணக்கில் வாடகை, நடுராத்திரி வரை ஃபிளட் லைட். அந்த மாதிரி தரை போட்டுத் தரும் ஒரு கம்பெனியின் பலகையில் "தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பராமரிப்பே வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் உடனே சந்தேகம் வந்துவிடும். எங்க தொழிலில் அப்படி ஒரு பொருளை இதுவரை பார்த்ததில்லை.

தேடிப் பார்த்தால் இந்த வாக்குறுதிக்கு ஏறக்குறைய அறுபது வயசு. செயற்கைப் புல்லின் வரலாற்றை ஒரே வரியில் சொல்லணும்னா இப்படிச் சொல்லலாம்: ஒவ்வொரு தலைமுறைத் தரையும் பழைய ஒரு வேலையை ஒழித்தது, கூடவே யாரும் எதிர்பார்க்காத புதிய ஒரு வேலையைக் கொண்டுவந்தது. அந்தப் புதிய வேலையைச் செய்த மைதானங்கள் நீடித்தன. செய்யாதவை செத்தன.

கூரைக்குக் கீழே செத்த புல்

1950களில் அமெரிக்காவில் ஒரு கவலை இருந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் இல்லை, அதனால் கிராமத்துப் பிள்ளைகளைவிட உடல்திறன் குறைவாக இருக்கிறது என்ற கவலை. பள்ளிக் கட்டடங்கள், வசதிகள் பற்றி ஆராய ஃபோர்டு அறக்கட்டளை உருவாக்கிய அமைப்பு ஒன்று, எல்லாப் பருவத்திலும் விளையாடக்கூடிய ஒரு தரை வேண்டும் என்ற யோசனையை முன்னெடுத்தது. மான்சான்டோ நிறுவனத்தின் இழை தயாரிக்கும் பிரிவான கெம்ஸ்ட்ராண்ட் அதைச் செய்து பார்த்தது. கம்பளம் நெய்கிற மாதிரி நைலான் இழைகளால் நெய்த தரை. 1964ல் ரோட் ஐலண்டு மாநிலம் பிராவிடன்ஸ் நகரில் உள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் முதல் பெரிய தரை விரிக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் 'கெம்கிராஸ்'.

அது அப்படியே பள்ளிக்கூட அளவில் நின்றுபோயிருக்கலாம். உலகப் புகழ் கொடுத்தது டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன்.

1965 ஏப்ரலில் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் திறந்தார்கள். முழுக்கக் கூரை போட்டு, ஏசி வைத்த பிரம்மாண்டமான பேஸ்பால் மைதானம். உள்ளே நிஜமான பெர்முடா புல். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் கூரையில் நாலாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட ஒளிபுகும் பலகைகள். ஆடத் தொடங்கியதும் ஒரு சிக்கல் தெரிந்தது. பகலில் பந்து மேலே போனால், கூரையின் கண்கூசும் வெளிச்சத்தில் ஃபீல்டருக்குப் பந்தே தெரியவில்லை. சரி என்று பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. மிச்ச சீசனைக் காய்ந்த புல்லிலும் பச்சைப் பெயின்ட் அடித்த மண்ணிலும் ஆடி ஒப்பேத்தினார்கள்.

1966 சீசனுக்கு கெம்கிராஸ் வந்தது. மைதானம் முழுக்க விரிக்க அப்போது சரக்கு போதவில்லை. முதலில் உள்வட்டம், ஜூலையில் வெளிவட்டம். அரங்கத்தின் பெயரைச் சேர்த்து 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் ஓரமாக வரும் ஒரு விவரம். இன்னிங்ஸ்களுக்கு நடுவே விண்வெளி வீரர் மாதிரி உடை போட்ட ஊழியர்கள் களத்துக்கு வந்து தரையை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்வார்கள். நாசா இருக்கும் ஊர் என்பதால் அந்த வேடிக்கை. ஆனால் வேஷத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: வேலையே இல்லாத புல் வந்த அதே வருஷம் அதற்கு ஒரு வேலைக்காரர் படையும் வந்துவிட்டது. புல்வெட்டும் இயந்திரம் போய் வாக்குவம் வந்தது. துண்டு துண்டாக விரித்து ஜிப் போட்டு இணைத்த தரை என்பதால், அந்த இணைப்புகளைக் கவனிப்பது இன்னொரு புது வேலை.

அதுவும் கூரைக்குக் கீழே. வெயில் இல்லை, மழை இல்லை, இலை உதிராது. செயற்கைப் புல்லுக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது.

வெயிலுக்கு வந்தபோது

1967ல் இண்டியானா மாநிலம் டெர்ரே ஹோட் நகரில் ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் முதல் முறையாகத் திறந்தவெளி ஸ்டேடியத்துக்கு இந்தத் தரை வந்தது. அடுத்த சில வருஷங்களில் போட்டிக் கம்பெனிகளும் வந்துவிட்டன.

நமக்குப் பாடமான கதை மயாமியின் ஆரஞ்ச் பவுல். 1970ல் அங்கே 'பாலிடர்ஃப்' என்ற தரை விரித்தார்கள். நைலானுக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் இழை. ஃப்ளோரிடா வெயிலில் இழைகள் நிமிர்ந்து நிற்கவில்லை. படுத்தன, ஒன்றோடு ஒன்று ஒட்டின, வழுக்கின. இடையில் ஒருமுறை மாற்றியும் சரிவராமல், 1976ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிஜப் புல்லுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஏன் அப்படி? பிளாஸ்டிக் இழை என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கட்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே வெட்டும். வெட்டிய இடத்தில் ஆக்சிஜன் சேரும், அது அடுத்த வெட்டுக்கு வழி செய்யும். நம்ம வீட்டு மாடியில் விட்ட பிளாஸ்டிக் பக்கெட் ரெண்டு வருஷத்தில் தொட்டாலே நொறுங்குதே, அதே விஷயம்தான். இதைத் தடுக்க இழை தயாரிக்கும்போதே நிலைநிறுத்தும் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். இன்றைய இழைகள் 1970களைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த ரசாயனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். செயற்கைப் புல்லுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பராமரிப்பால் அதை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்.

இணைப்புகள் பற்றிய பாடம் ஃபிலடெல்ஃபியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் கிடைத்தது. 1971ல் திறந்த அரங்கம். பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஒரே தரையில். பேஸ்பாலுக்காக வெட்டிவிட்ட மண் பகுதிகளை ஃபுட்பாலின்போது துண்டுத் தரை வைத்து மூடுவார்கள். மேடு பள்ளம், ஒட்டு, இடைவெளி. 1993ல் சிகாகோ அணியின் வெண்டல் டேவிஸ் அங்கே ஒரே ஓட்டத்தில் இரண்டு முழங்காலிலும் தசைநாண் அறுந்து விழுந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் தொடர்ந்து ஆடவே முடியவில்லை. 2001ல் பழைய தரையை எடுத்துவிட்டுப் புதுத் தரையே போட்டார்கள். அந்த ஆகஸ்டில், மூடிய மண் பகுதியின் ஓரம் சமமாக இல்லை என்று எதிரணிப் பயிற்சியாளர் ஆட மறுத்ததால் ஒரு ஆட்டம் ரத்தானது. இழை புத்தம் புதுசு, பிரச்சினை ஓரத்தில்.

நடுவே மருத்துவர்களுக்கும் ஒரு புதுச் சொல் கிடைத்தது. கடினமான தரையில் கால் பெருவிரல் மடங்கி ஏற்படும் காயத்துக்கு 1976ல் 'டர்ஃப் டோ' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தரையின் பெயரில் ஒரு காயம்.

மணலும் டயரும்

அடுத்த தலைமுறையில் இழையை நீளமாக்கி நடுவே மணலைக் கொட்டினார்கள். மணல் இழையைத் தாங்கிப் பிடிக்கும், விலையும் குறைவு. இங்கிலாந்தில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் 1981ல் இப்படி ஒரு தரை போட்டது. பந்து தரையில் பட்டு ஆள் உயரத்துக்கு எகிறும், சறுக்கி விழுந்தால் தோல் போகும். 1988ல் எடுத்துவிட்டார்கள். லூட்டன், ஓல்டாம், பிரெஸ்டன் கிளப்களும் முயன்றன. கடைசியாக பிரெஸ்டன் 1994ல் கைவிட்டது.

மூன்றாம் தலைமுறை 1990களில் வந்தது. நாம இன்று வாடகைக்கு எடுத்து ஆடுவது பெரும்பாலும் இதுதான். நைலானைவிட மிருதுவான பாலிஎத்திலீன் இழை, 40 முதல் 60 மில்லிமீட்டர் நீளம். அடியில் மணல், மேலே பழைய டயரை அரைத்த ரப்பர் துகள். காலுக்கு மெத்தென்று இருக்கும், ஸ்டட் உள்ளே இறங்கும், பந்து ஓரளவு நிஜப் புல் மாதிரியே உருளும். 2001ல் ஃபிஃபா தரச்சான்று முறையைக் கொண்டுவந்தது. அதன் உயர்ந்த பிரிவுச் சான்றுக்கு வருஷா வருஷம் மறுபரிசோதனை உண்டு. கவனியுங்கள், தரையை விற்கிறவர்கள் ஒரு தடவை போட்டால் போதும் என்று சொல்ல, சான்று கொடுக்கிறவர்கள் வருஷம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்கிறார்கள்.

இந்தத் தலைமுறையில்தான் பராமரிப்பு என்பதன் அர்த்தமே மாறியது. பழைய நைலான் தரையில் தரை என்றால் கம்பளம். இப்போது தரை என்றால் கம்பளமும் அதற்குள் கொட்டிய மணல், ரப்பரும். ஒட்டாமல் சும்மா கிடக்கும் துகள்கள் அவை. ஒவ்வொரு ஓட்டத்திலும் நகரும். காலோடு வெளியே போகும்.

எவ்வளவு போகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். என் பையன் ஆடிவிட்டு வந்தால் ஷூவைத் தட்டும்போது கறுப்புத் துகள் கொட்டும், சாக்ஸோடு போனது வாஷிங் மெஷின் ஃபில்டரில் கிடக்கும். ஆளுக்கு 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 12 பேர், ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வாடகை. நாளுக்கு 480 கிராம், வருஷத்துக்கு 175 கிலோ. ஒரு சின்ன டர்ஃபிலிருந்து மூன்று நாலு மூட்டை ரப்பர் ஷூவில் ஏறி வீடு வீடாகப் போகுது. 5 கிராம் என்பது என் ஊகம்தான். அதைப் பாதியாக்கினாலும் முடிவு மாறாது: போனதைத் திருப்பிக் கொட்டாத தரை வருஷா வருஷம் மெலியும்.

பராமரிப்பு என்றால் என்ன வேலை?

இனி விஷயத்துக்கு வருவோம். வழிகாட்டிக் குறிப்புகள் பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வருபவை ஆறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேலே சொன்ன வரலாறு இருக்கு.

ஒன்று, பிரஷ் போடுவது. மிதிபட்ட இழை ஒரே பக்கமாகச் சாயும். சாய்ந்த இழையின் பக்கவாட்டை வெயிலும் ஷூவும் தின்னும், நுனி பிளந்து நார் நாராகும். வண்டிக்குப் பின்னால் பிரஷ் கட்டி இழுத்தால் இழை நிமிரும், துகளும் சமமாகப் பரவும். ஒருமுறை நீளவாக்கில் இழுத்தால் அடுத்த முறை குறுக்குவாக்கில். எப்போதும் ஒரே திசையில் இழுத்தால் பிரஷ்ஷே இழையைச் சாய்த்துவிடும். பத்து மணி நேர ஆட்டத்துக்கு ஒரு மணி நேரப் பராமரிப்பு என்று ஒரு கைக்கணக்கு சொல்கிறார்கள்.

இரண்டு, துகள் நிரப்புவது. கோல் வாய், பெனால்டி புள்ளி, கார்னர் மூன்றும் முதலில் பள்ளமாகும். அங்கே மேலே தெரியும் இழையின் நீளம் கூடும். தாங்க ஆள் இல்லாத இழை மடங்கி ஒடியும். ஒரு சின்ன அளவுகோலைச் செருகிப் பார்த்தாலே போதும். குறைந்த இடத்தில் துகள் கொட்டிப் பிரஷ் போட வேண்டும். ஒரு வாளி ரப்பரும் கால் மணி நேரமும் செலவாகும் வேலை. செய்யாமல் விட்டால் அதே இடத்தில் கம்பளத்தையே வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

மூன்று, இறுகியதைத் தளர்த்துவது. மணலும் ரப்பரும் மிதிபட்டு மிதிபட்டு இறுகும். பார்க்க ஒன்றும் தெரியாது, விழுந்தால் தெரியும். அமெரிக்காவில் இதற்கு ஒரு சோதனை உண்டு. கனமான எடையை உயரத்திலிருந்து தரையில் போட்டு அதிர்ச்சியை அளப்பார்கள். 200 ஜி-யைத் தாண்டினால் தரை தலைக் காயத்துக்கு ஆபத்தானது என்று கணக்கு. வருஷத்துக்கு ஓரிரு முறை கம்பிப் பற்கள் உள்ள இயந்திரம் வைத்துக் கிளறிவிட்டால் மென்மை திரும்பும். வாடகை டர்ஃப்களில் அதிகம் விட்டுப்போகும் வேலை இதுதான்.

நாலு, குப்பை. சாகாத புல்லுக்குப் பெரிய எதிரி செத்த இலை. உதிர்ந்து மக்கி மண்ணாகி, துகளுக்கு நடுவே இறங்கி வடிகால் துளைகளை அடைக்கும். தண்ணீர் நிற்கும். நின்றால் பாசி. நம்ம ஊரில் இதோடு ரோட்டுப் புழுதியும் சேரும். ஊதி எடுக்கும் பிளோயர் வாரம் ஒருமுறை ஓடினால் இதில் பெரும்பங்கு தீரும். சூயிங்கம் ஒட்டினால் ஐஸ் வைத்து உறையவைத்து உடைத்து எடுக்கணும். சுரண்டினால் இழையோடு வரும்.

ஐந்து, இணைப்புகள். ஆஸ்ட்ரோடோம் ஜிப்பிலிருந்து ஃபிலடெல்ஃபியா வரை சொல்லும் பாடம். கோடுகளும் ஜாயின்ட்களும் பசையால் ஒட்டியவை. விரல் நுழையும் அளவுக்குத் திறந்த அன்றே ஒட்டினால் ஒரு டியூப் பசை. ஒரு மாதம் விட்டால் யாரோ ஒருத்தர் கணுக்கால்.

ஆறு, சூடு. யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002ல் தங்கள் புதுத் தரையை அளந்து பார்த்தார்கள். தரையின் மேற்பரப்பு தார் ரோட்டைவிடச் சூடு. தண்ணீர் அடித்ததும் 79 டிகிரி செல்சியஸிலிருந்து 29க்கு இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் 49, இருபது நிமிஷத்தில் 73. யூட்டாவிலேயே இப்படி என்றால் மே மாத வேலூரை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மதியம் பூட்டி வைப்பதும் பராமரிப்புதான். ஆளுக்கும் நல்லது, இழைக்கும் நல்லது.

இந்த ஆறையும் எழுதி வைக்க ஒரு லாக் புத்தகம். எத்தனை மணி நேரம் ஆட்டம் நடந்தது, என்றைக்குப் பிரஷ் போட்டது, எங்கே எத்தனை கிலோ கொட்டியது. சர்வர் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். லாக் இல்லாத இடத்தில் கோளாறு திடீரென்று வந்த மாதிரி தெரியும்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த வகைத் தரை எட்டு முதல் பத்து வருஷம் உழைக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சாகாத புல் என்று சொன்னதன் உண்மையான ஆயுள் அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்கும் புல்

இப்போது ஹாக்கி. தண்ணீர் வேண்டாம் என்ற வாக்குறுதி தலைகீழாக நிற்கும் இடம் இது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது. இந்தியா 1928லிருந்து 1972 வரை ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் பதக்கத்தோடு வந்த அணி. முந்தின வருஷம்தான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்தது, புல்தரையில். மான்ட்ரியலில் ஏழாம் இடம். நியூசிலாந்துக்குத் தங்கம், ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளி, பாகிஸ்தானுக்கு வெண்கலம்.

"ஆஸ்ட்ரோடர்ஃப் வந்து இந்திய ஹாக்கியைக் கொன்னுடுச்சு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. 1980 மாஸ்கோவிலும் செயற்கைத் தரைதான். பல நாடுகள் புறக்கணித்த போட்டி என்றாலும், நம்ம தமிழ்நாட்டு வி. பாஸ்கரன் தலைமையில் அங்கே தங்கம் வாங்கினோம். அதற்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 வருஷம், டோக்கியோ வரை. தரை மாறியதைவிட, மாறிய தரை எத்தனை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு ஹாக்கி டர்ஃப் கோடிக்கணக்கில் செலவு. பெரும்பாலான பையன்கள் மண் தரையில் பழகி, டோர்னமென்ட் அன்றைக்கு டர்ஃபில் இறங்கினார்கள். மண்ணில் பந்து எகிறும், தாவும், அதை அடக்குவதே ஒரு கலை. டர்ஃபில் பந்து கோடு போட்ட மாதிரி பறக்கும், ஓட்டமும் மூச்சும் வேண்டும். ரெண்டும் ஏறக்குறைய வேற வேற ஆட்டம்.

சர்வதேச ஹாக்கித் தரையில் மணலும் கிடையாது, ரப்பரும் கிடையாது. குட்டையான, நெருக்கமான இழை மட்டும். அதற்கு மேல் தண்ணீர். உராய்வைக் குறைப்பது, பந்தைச் சீராக ஓடவிடுவது, விழுந்தவர் தோலைக் காப்பது, தரையைக் குளிர்விப்பது எல்லாமே தண்ணீரின் வேலை. காய்ந்த நிலையில் ஆடினால் இழை நேரடியாகத் தேயும்.

கணக்கு பாருங்கள். ஆடுகளம் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். சுற்றுப் பகுதியும் சேர்த்தால் சுமார் 6,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். மூன்று மில்லிமீட்டர் நனைக்க 18,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றரை. ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, இடைவேளையில் மறுமுறை.

இதை நெதர்லாந்தில் செய்வது ஒன்று, கோவில்பட்டியில் செய்வது வேறு. கரிசல் காட்டு ஊர், தண்ணீரின் அருமை தெரிந்த ஊர், அதே சமயம் தமிழ்நாட்டு ஹாக்கியின் பெரிய நாற்றங்கால். அங்கே டர்ஃப் இருக்கு, தேசிய அளவிலான ஜூனியர் போட்டியே நடந்திருக்கு. அந்த மாதிரி ஊரில் டர்ஃபைப் பராமரிப்பது என்றால் முதலில் தண்ணீர், அதைத் தூக்கி வீச மோட்டார், மோட்டாருக்குக் கரன்ட், ஸ்பிரிங்க்ளர் தலையை அடைக்காத அளவுக்கு உப்பில்லாத தண்ணீர், இவை எல்லாவற்றையும் பார்க்க ஒரு ஆள். இதில் ஒன்று நின்றாலும் தரை காயும். காய்ந்த தரையிலும் பையன்கள் ஆடத்தான் செய்வார்கள், வேற வழி?

சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் 1996, 2005 சாம்பியன்ஸ் டிராஃபிகளையும் 2007 ஆசியக் கோப்பையையும் பார்த்தது. அதன் பிறகு 16 வருஷம் பெரிய சர்வதேசப் போட்டி இல்லை. 2023ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி வந்தபோது புதுத் தரை விரித்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கென்று தயாரான அதே வகை. கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீன் பெரும்பங்கு, தண்ணீரும் குறைவாகக் கேட்கும். 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. தண்ணீரே வேண்டாத தரைக்குப் போகவேண்டும் என்பது சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் இலக்கு. நல்ல செய்திதான். ஆனால் இதுவரை பார்த்த வரலாறு சொல்வது, தண்ணீர் வேலை போனால் அந்த இடத்தில் இன்னொரு வேலை வந்து உட்காரும்.

இரண்டு பட்ஜெட்

எங்க தொழிலில் ஒரு பழைய நோய் உண்டு. புது சிஸ்டம் கட்டப் பணம் கிடைக்கும், கட்டினதை ஓட்டப் பணம் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டலாம், பிரஷ் வாங்கியதற்கு வெட்ட முடியாது. டர்ஃபுக்கும் அதே நோய். தரை விரிப்பது ஒரே ஒரு பெரிய டெண்டர். பிரஷ், ரப்பர் மூட்டை, பசை டியூப், மோட்டார் ரிப்பேர், ஒரு ஆளின் சம்பளம் எல்லாம் மாதா மாதம் கேட்டு வாங்க வேண்டிய சில்லறைச் செலவு. சில்லறை கிடைக்காமல் கோடி வீணாகும்.

வீணாகும் என்றால் வெறும் பணம் மட்டும் போகவில்லை. ஒரு மாவட்டத்துக்கு இருப்பது ஒரே ஹாக்கி டர்ஃப் என்றால், அது பத்து வருஷத்துக்குப் பதில் ஐந்தில் செத்தால், மீதி ஐந்து வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணுக்குத் திரும்புவார்கள். ஒரு பையன் ஏழாம் வகுப்பில் ஸ்டிக் பிடித்து பிளஸ் டூ முடிக்கும் வரை உள்ள காலமே ஐந்தாறு வருஷம்தான். அவனுக்கு 1976 மறுபடி நடக்கும்.

செத்த தரையை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. முழு ஃபுட்பால் மைதானம் ஒன்றின் மணலும் ரப்பரும் நூறு டன்னைத் தாண்டும். துகள்கள் வாய்க்காலுக்கும் கடலுக்கும் போவது பற்றிய கவலையால், ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு விதி கொண்டுவந்தது: எட்டு வருஷ அவகாசத்துக்குப் பிறகு, 2031 அக்டோபரிலிருந்து இந்த வகைப் பிளாஸ்டிக், ரப்பர் துகள்களை அங்கே விற்க முடியாது. விற்க முடியாத சரக்கு வேறு சந்தை தேடும். அப்போது விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று நாம் வாங்கிக் குவிக்காமல் இருக்கணும்.

உங்க ஊரில், உங்க பிள்ளை படிக்கும் பள்ளியில், உங்க அபார்ட்மென்டில் டர்ஃப் போடப் போகிறார்கள் என்றால், எந்த நாட்டு இழை, எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு சேர்த்து நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிரஷ் யார் கையில் இருக்கும்? வருஷத்துக்கு எத்தனை மூட்டை துகள் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கு? ஜாயின்ட் விட்டால் யாருக்குப் போன் பண்ணணும், எத்தனை நாளில் வருவார்? பத்து வருஷம் கழித்து இதைப் பெயர்த்து எடுக்கிற செலவு யாருடையது?

ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் ஒரே கேள்வி போதும்: லாக் புத்தகம் எங்கே? நான் ஆடப் போகும் டர்ஃபில் கேட்டேன். இல்லை என்றார் அங்கே இருக்கும் பையன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கேன். தேதி, ஆட்ட நேரம், பிரஷ், துகள், ஜாயின்ட் என்று ஐந்து கட்டம். மூன்று வாரமா எழுதிக்கிட்டு வர்றார். பிரஷ் கட்டத்தில் இதுவரை ரெண்டு டிக் இருக்கு.